கண்ணுக்கு முன்னால் ஒரு குழி

அன்புள்ள மகனுக்கு,

இந்த எழுத்தைக் கண்டு முகம் சுளிக்காதே. கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். எழுத்துகள்தான் கோட்டில் நிற்க மாட்டேன் என்கின்றன. சில இடத்தில் மேலே ஏறும், சில இடத்தில் கீழே வழியும். பேனையை நான் கத்தி பிடிக்கிற மாதிரிப் பிடிக்கிறேன் என்று கோயில் மண்டபத்து எழுத்து வகுப்பு டீச்சர் சொல்கிறார். அதனால்தான் தாள் இரண்டு இடத்தில் கிழிந்திருக்கிறது. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பின்னேரம் போகிறது. ஆனாலும் அலுக்கவில்லை மகன். மனதில் இருந்தது தாளில் இறங்கி, நான் எழுந்து போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தாலும் அப்படியே இருக்கிறது. அந்த அதிசயம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கடிதத்தோடு வந்த பிஸ்கட் டின்னைத் திறந்ததும் திடுக்கிட்டிருப்பாய். உள்ளே இருப்பது இரண்டு மண்டையோடு. மன்னார் பஸ் கொண்டக்டரிடம் உடையக்கூடிய சாமான் என்று சொல்லித்தான் கொடுத்தேன். அது பொய் இல்லை. ஒவ்வொன்றிலும் நூலில் ஒரு சீட்டுக் கட்டியிருக்கிறேன். ஒன்றில் வெள்ளாடு என்றும் மற்றதில் செம்மறி என்றும் எழுதியிருக்கிறேன். அந்தச் சீட்டுகளை எறிந்துவிடாதே. வகுப்புக் கொப்பிக்கு வெளியே நான் எழுதிய முதல் எழுத்து அவைதான்.

எதற்காக எழுதுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பிழையாகச் சொல்லிவிட்டேன். செல்வத்தின் வேலிக்குப் பின்னால் நீ எடுத்த மண்டையோடு வெள்ளாடு இல்லை, செம்மறி. என் வாயால் அந்த மனிதனுக்குத் திருட்டுப் பட்டம் வந்துவிட்டது. அதை எப்படி இறக்குவது என்பதுதான் இந்தக் கடிதம். உனக்குத் தெரிந்த விஷயங்களையும் முதலிலிருந்து எழுதுகிறேன், ஏனென்றால் இதை நீ மற்ற ஆட்களுக்கும் வாசித்துக் காட்ட வேண்டி வரும்.

நீ அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனதிலிருந்து, பின்னேரங்களில் வற்றின குளத்தைச் சுற்றி நடந்து எலும்பு பொறுக்குகிறாய். படம் எடுத்து எனக்கு அனுப்பி, அப்பா இது என்ன என்று கேட்கிறாய். உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அப்பன் நாப்பது வருசம் தலை சுட்டு வீட்டை நாறடிச்சாரு, புள்ள இப்ப காட்டுல போயி அதையே பொறுக்குது, நல்ல வம்சம்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். நீ படித்தவன். உனக்குத் தெரியாத ஒன்றை என்னிடம் கேட்கிறாய் என்பது சின்ன விஷயமா? அந்தச் சந்தோஷத்தில்தான் யோசிக்காமல் பதில் சொல்லப் பழகிவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும், அன்று நீ போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிப் போட்டாய். பக்கத்து வீட்டுப் பொன்னம்மா நின்றார். மாரியில் காணாமல் போன தன் சினை வெள்ளாட்டை மாதக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தவர், உன் ஜன்னலில் வெயிலில் வைத்திருந்த மண்டையோட்டைக் கண்டு, இது எந்த ஆடு என்று கேட்டார். நீ பெருமையோடு, "எங்கட அப்பா கொட்டாஞ்சேனையில நாப்பது வருசம் ஆட்டுத்தலையோடதான் இருந்தவர், அவர் பார்த்த உடனே சொல்லுவார்" என்றாய். நானும் படத்தைப் பார்த்த உடனே சொன்னேன். "வெள்ளாடுதான், சந்தேகமே இல்ல." அதற்குப் பிறகுதான் அவர் எங்கே எடுத்தாய் என்று கேட்டார். நீயும் உள்ளதைச் சொன்னாய். அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் கள்ளன் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமை நீ பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய். ஊர் முழுக்க வேலி அடைத்துக் கொடுக்கிற செல்வத்தை இப்போது ஒருவரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. குழாயடியில் அவர் மனைவியைக் கண்டால் மற்றப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தள்ளி நிற்கிறார்கள். "அப்பா சொன்னது சரிதான் போல" என்று வேறு சொன்னாய். அந்த வார்த்தை என்னைச் சுட்டது.

போனை வைத்த பிறகு படத்தை மறுபடியும் எடுத்தேன். கண்ணாடியைப் போட்டு, நீ காட்டித் தந்த மாதிரி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். வெள்ளாடு என்று நான் ஏன் சொன்னேன் என்று என்னையே கேட்டேன். மூக்குத்தான் காரணம். செம்மறிக்கு மூக்கு வளைந்து கிளி மாதிரி இறங்கும், வெள்ளாட்டுக்கு நேராக இருக்கும். படத்தில் மூக்கு நேராக இருந்தது. ஆனால் உற்றுப் பார்த்தால் அங்கே மூக்கே இல்லை, மகன். மேலே இருக்க வேண்டிய மெல்லிய எலும்பு விழுந்துபோய், மிச்சம் இருந்த விளிம்பைத்தான் நான் மூக்கு என்று நினைத்திருக்கிறேன்.

இதில் எனக்கு ஒரு வெட்கம் இருக்கிறது. நாற்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் தலை என் கையால் போயிருக்கும் என்று எனக்கே தெரியாது. தேங்காய் மட்டை நெருப்பில் மயிரைப் பொசுக்கி, சுரண்டி, கழுவி, கட்டையில் வைத்து மூளை உடையாமல் இரண்டாகப் பிளந்து கொடுப்பேன். தோலோடு தெரியும், சுட்ட பிறகு தெரியும், பிளந்தும் தெரியும். ஆனால் பிளக்காத ஒரு தலையை வெறும் எலும்பாக நான் ஒரு நாளும் கண்டதில்லை. காணாத ஒன்றுக்குத்தான் சந்தேகமே இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.

படத்தில் இன்னொன்றும் இருந்தது. கண் ஓட்டைக்கு முன்னால், மூக்குப் பக்கமாக, ஒரு நிழல். முதலில் வெயிலின் நிழல் என்று நினைத்தேன். நீ மூன்று படம் அனுப்பியிருந்தாய்; மூன்றிலும் வெளிச்சம் வேறு வேறு பக்கத்திலிருந்து விழுகிறது, ஆனால் அந்த நிழல் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. அப்போது என் பெருவிரல் தானாக அசைந்தது. செம்மறித் தலையைச் சுட்ட பிறகு கண்ணுக்கு முன்னால் ஒரு மடிப்பு இருக்கும். அதற்குள் மெழுகு மாதிரி மஞ்சள் அழுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். பெருவிரலால் தோலை அமர்த்திப் பிடித்து, கத்தி நுனியால் அதைச் சுரண்டி எடுப்பேன். வெள்ளாட்டில் அந்த வேலையே இல்லை, சும்மா கழுவினால் போதும். தோலுக்குக் கீழே விரல் இறங்கியது என்றால் அங்கே எலும்பிலும் ஒரு பள்ளம் இருக்க வேண்டும் இல்லையா? நாற்பது வருஷமாக விரல் இறங்கிய இடத்தைப் பற்றி ஒரு நாளாவது நான் யோசித்தேனா? இல்லை.

அடுத்த நாள் காலையிலேயே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். நான் வேலை செய்த இறைச்சிக்கடையை என் முதலாளி காதர் நானாவின் மகன் இப்போது நடத்துகிறார். வெள்ளாட்டுத் தலை ஒன்று, செம்மறித் தலை ஒன்று, பிளக்காமல் முழுசாக வேண்டும் என்றேன். அவர் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பிளக்காம கொண்டு போய் என்ன செய்ய போறீங்க அண்ணன், மால போட்டு வைக்கவா?" என்றார். படிக்கப் போகிறேன் என்றேன். "கோயில் மண்டபத்துல எழுத்துத்தானே படிக்கிறீங்க, இப்ப தலையுமா?" என்று சிரித்துவிட்டு, நல்ல தலையாகத் தேர்ந்து தந்தார்.

வீட்டில் நடந்ததை முழுதாக எழுத மாட்டேன். பெரிய சட்டி போய்விட்டது என்று மட்டும் தெரிந்துகொள். பின்பக்கச் சந்தில் அடுப்பு மூட்டி, இறைச்சி தானாகக் கழன்று விழும்வரை அவித்தேன். "இந்த நாத்தத்தோட நானும் இருக்கணும், தலையும் இருக்கணும்னா, யாராவது ஒருத்தர் வெளிய போகணும்" என்றாள் உன் அம்மா. தலைகளை வெளியில் வைத்தேன். மூன்றாம் நாள் அவை வெள்ளையாகக் காய்ந்த பிறகு, அவளே வந்து பக்கத்தில் குந்தி, எங்கே அந்தக் குழி என்று கேட்டாள். வெள்ளாட்டுக் கண்ணுக்கு முன்னால் அவள் விரலை வைத்தேன். மட்டமாக இருந்தது. செம்மறியில் வைத்தேன். விரல் நுனி ஒரு சின்னக் கிண்ணத்துக்குள் உட்காருகிற மாதிரி இறங்கியது. அவள் விரலை எடுத்தாள், மறுபடியும் வைத்தாள். "அட, ஆமாங்க" என்றாள். அன்று அவள் என்னைத் திட்டவில்லை.

மகன், ஒரு தலைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே. மண்டை ஒரே எலும்பு என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, பல துண்டு எலும்புகள் நெளிந்து நெளிந்து பூத்தையல் போட்ட மாதிரி ஒன்றோடு ஒன்று சேர்ந்திருக்கின்றன. உச்சியில் குறுக்கே போகும் தையல் என் வெள்ளாட்டில் நேராகப் போகிறது, செம்மறியில் நடுவில் முன்பக்கமாக மடங்குகிறது. எல்லாத் தலையிலும் அப்படியா என்று தெரியாது. ஒரேயொரு தலையை வைத்துக்கொண்டு சொல்லக்கூடாது என்று இப்போது படித்துவிட்டேன். இன்னும் நாலு தலை பார்க்க வேண்டும். மேல் வாயில் முன்பல் ஒன்றுமே இல்லை, இரண்டுக்கும். அது எனக்கு எப்போதும் தெரியும். ஆனால் கீழே பல், மேலே வெறும் ஈறு, பிறகு எப்படிப் புல்லைக் கடிக்கிறது என்று இந்த வயதில்தான் கேட்கத் தோன்றுகிறது. உனக்குத் தெரிந்தால் எழுது. இன்னொன்று. கொம்பு அடி ஒட்டியிருந்த மான் மண்டையோடு ஒன்றின் படம் அனுப்பி, கண்ணுக்கு முன்னால் ஓட்டை இருக்கிறது, யாரோ சுட்டிருக்கிறார்கள் என்று சொன்னாயே, அதையும் மறுபடியும் பார்த்தேன். மற்றப் பக்கத்திலும் அதே இடத்தில், அதே அளவில் ஓட்டை இருக்கிறது. எந்த வேட்டைக்காரனும் அவ்வளவு அளந்து சுட மாட்டான். வெள்ளாட்டுக்கு மட்டம், செம்மறிக்குக் குழி, மானுக்கு ஓட்டை என்று கடவுள் வைத்திருக்கலாம். நீ இன்னொரு மான் தலை கிடைத்தால் பார்.

இனி எழுதப்போவது கஷ்டமானது. இதை உன் அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை.

நான் கடையில் சேர்ந்த புதிதில், உரித்துத் தொங்கவிட்ட ஆட்டில் வாலை மட்டும் மயிரோடு விட்டு வைப்போம். வாங்க வருகிறவர்கள் வாலைத்தான் பார்ப்பார்கள். குட்டையாக மேலே தூக்கி நின்றால் வெள்ளாடு, நீளமாகத் தொங்கினால் செம்மறி. ஒரு நாள் ஓர் அம்மா மகளின் கல்யாண விருந்துக்கு முழு வெள்ளாடு கேட்டு வந்தார். கடையில் வெள்ளாடு முடிந்துவிட்டது. காதர் நானா தொழுகைக்குப் போயிருந்தார். இல்லை என்று அனுப்பினால் நானா ஏசுவார் என்று எனக்குப் பயம். உள்ளே போய், ஒரு செம்மறியின் வாலை வெட்டிவிட்டு, காலையில் துண்டு துண்டாக விற்றுத் தீர்ந்த வெள்ளாட்டின் மிஞ்சிக் கிடந்த வாலைச் சாக்கு ஊசியால் தைத்துக் கொடுத்தேன். விருந்தில் யாரோ ருசியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சமையல்காரன் வாலில் நூலைக் கண்டுபிடித்துவிட்டான். அந்த அம்மா வாலைக் கொண்டு வந்து கட்டையில் வைத்தார். நானா அதைப் பார்த்தார். முகம் கறுத்துப் போனது.

எங்களோடு சின்னையா என்று ஒருவன் வேலை செய்தான். என் ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பையன். தோல் மூட்டைகளைச் சாக்கில் கட்டித் தைப்பது அவன் வேலை, அதனால் ஊசி எப்போதும் அவன் சட்டையில் குத்தியிருக்கும். நானாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. அன்றைக்கே அவனைப் போகச் சொன்னார். அவன் துணியைச் சுருட்டிக்கொண்டு என்னிடம் வந்து, "அண்ணே, நான் செய்யலன்னு உனக்குத் தெரியுந்தானே, ஒரு வார்த்தை சொல்லு" என்றான். நான் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் போய்விட்டான். பிறகு நான் அவனைத் தேடினேன், ஆனால் தேடியது பல வருஷம் கழித்து. தோட்டத்தில் ஒருவருக்கும் அவன் எங்கே என்று தெரியவில்லை. நானாவும் இறந்துவிட்டார். நான் செய்ததை அவரிடம் சொல்லவும் இல்லை.

செல்வத்தை நான் கண்டதில்லை. ஆனால் நீ குழாயடியைப் பற்றிச் சொன்னபோது எனக்குத் தெரிந்தது சின்னையாவின் முகம்தான். அன்று பேசாமல் இருந்து ஒருவனைக் கெடுத்தேன், இன்று அவசரப்பட்டுப் பேசி ஒருவரைக் கெடுத்துவிட்டேன். முதலாவதைத் திருத்த வழியில்லை. இரண்டாவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். ஒருவரை நம்பலாம், அவர் உன் அப்பாவாகவும் இருக்கலாம். ஆனால் இன்னொருவருடைய பெயர் அதில் மாட்டியிருந்தால், எப்படித் தெரியும் என்று ஒரு தடவை கேள். அன்று நீ அப்படிக் கேட்டிருந்தால் மூக்கைப் பார்த்துச் சொன்னேன் என்று சொல்லியிருப்பேன், மூக்கு இல்லை என்பதை நீ அங்கேயே கண்டிருப்பாய். வேலிக்குப் பின்னால் ஒரு தலை கிடந்தால் வேலிக்காரன் தின்றான் என்று எழுதியா இருக்கிறது? நாய்க்கும் நரிக்கும் வேலி ஏது? உங்கள் ஊரில் செம்மறி வளர்ப்பவர் ஒருவரும் இல்லை, வெயில் காலத்தில் வெளியூர் மந்தைகள் குளத்தடியால் போகும் என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பொன்னம்மாவைக் கூப்பிடு. குழாயடிப் பெண்களையும் கூப்பிடு. செல்வமும் அவர் மனைவியும் இருக்க வேண்டும். அவர்கள் வர மாட்டேன் என்றால் நீ போய்க் கெஞ்சிக் கூட்டி வா. என் இரண்டு மண்டையோட்டையும் நடுவில் வை, உன்னுடையதையும் பக்கத்தில் வை. என் வாயை யாரும் நம்ப வேண்டாம். முதலில் வெள்ளாட்டில், பிறகு செம்மறியில், பிறகு உன்னுடையதில், ஒவ்வொருவராகக் கண்ணுக்கு முன்னால் விரலை வைத்துப் பார்க்கட்டும். பொன்னம்மாதான் முதலில் வைக்க வேண்டும், ஏனென்றால் ஆடு போன வலி அவருக்குத்தான். விரல் இறங்காவிட்டால் நான் இரண்டாவது தடவையும் பிழை, அதையும் எல்லார் முன்னாலும் சொல்லிவிடு. ஆனால் இறங்கும், மகன்.

பிறகு டின்னின் அடியில் மடித்து வைத்திருக்கிற தாளை எடுத்து வாசி. அதைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஐந்து தாள் வீணாகி ஆறாவதில்தான் வந்தது. அதில் இவ்வளவுதான் இருக்கிறது: "போனில் வெள்ளாடு என்று சொன்னது நான். சரியாகப் பார்க்காமல் சொன்னேன். அது செம்மறி. செல்வம் மேல் ஒரு குற்றமும் இல்லை. பிழை என்னுடையது." கீழே என் பெயர் இருக்கிறது. நீ படித்த காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு நிரப்பிக் கொடுத்த பாரங்களில் எல்லாம் கையெழுத்துக்குப் பதில் நான் பெருவிரல் வைத்ததை நீ பார்த்திருக்கிறாய். இது பெயர், முழுப் பெயர். முதல் தடவையாக ஒரு தாளின் கீழே எழுதியிருக்கிறேன். நல்ல காரியத்துக்கு எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தேன். இதுவும் நல்ல காரியம்தான் என்று டீச்சர் சொன்னார்.

ஊருக்கு எழுதிவிட்டேன், உனக்கும் எழுதிவிட்டேன். செல்வத்துக்கு எழுத வேண்டியது இன்னும் வரவில்லை. மூன்று தடவை தொடங்கி வெட்டிவிட்டேன். 'மன்னிக்க வேண்டும்' என்று எழுதிப் பார்த்தேன், கடையில் மிச்சம் கொடுக்கச் சில்லறைக் காசு இல்லாதபோது சொல்கிற மாதிரி இருக்கிறது. வருகிற புதன்கிழமை வகுப்பு முடிந்ததும் மண்டபத்திலேயே உட்கார்ந்து எழுதி, வியாழக்கிழமை பஸ்ஸில் கொடுத்து அனுப்புவேன். அடுத்த கிழமைக் கடிதம் உனக்கு இல்லை, அவருக்கு. சின்னையாவுக்குச் சொல்லாததும் அதில் கொஞ்சம் இருக்கும். செல்வத்துக்கு வாசிக்கத் தெரியாது என்று நீ ஒரு தடவை சொன்னாய். அப்படியானால் நீதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். அவசரப்படாதே. நான் எழுதிய வேகத்தில் வாசி.

அப்பா